மண்புழுவிடம் மண்ணைப் பற்றிக் கேட்கலாமா?
வாசகர் கேள்வி – பதில்

எங்கள் வளவுக்குப் பக்கத்தில் முன்பு பழைய பற்றரி உடைத்து வலைக்கு ஈயம் வார்த்தார்கள். அந்தத் துண்டுக் காணியில் கீரை போட நினைக்கிறேன். மண்புழு நிறைய இருக்கிறது. அப்படியென்றால் மண்ணில் பழுதில்லைத்தானே?
– வாசகர், முல்லைத்தீவு

அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈயத்தை மண்புழு நன்றாகவே தாங்கும். குடலைச் சுற்றியுள்ள மஞ்சள் நிற இழையத்தில், பொசுபேற்று நிறைந்த நுண்மணிகளுக்குள் அதைப் பூட்டி வைத்துவிட்டுத் தன்பாட்டில் திரியும். அங்கே விளையாடும் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடிய அளவு ஈயம் இருந்தாலும் புழு கொழுத்திருக்கலாம். செம்பு இதற்கு நேர்மாறு. செம்பு கலந்த பங்கசுநாசினி வருடக்கணக்காக விழுந்த தோட்டத்தில் புழு குறைந்துபோகும்.

ஆகவே புழுவின் தலையை எண்ணிப் பயனில்லை. அதன் உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்றுதான் அளக்க வேண்டும். உங்கள் விடயத்தில் அதற்கும் காத்திருக்க வேண்டாம். ஈயம் எளிதில் கீழே இறங்காது, மேல்மண்ணிலேயே தங்கும். மேல் 10 ச.மீ. மண்ணைப் பல இடத்தில் எடுத்துக் கலந்து ஈயத்துக்கு நேரடியாகச் சோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை கீரையும் கிழங்கும் வேண்டாம், பிள்ளைகளையும் அங்கே விடவேண்டாம்.

உயர்தர உயிரியல் செயற்றிட்டத்துக்கு, வீதியோர மண்ணில் உள்ள ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை மண்புழு மூலம் பார்க்க விரும்புகிறேன். படிமுறையைச் சொல்வீர்களா?
– மாணவி, கிளிநொச்சி

முதலில் காலம். வன்னியில் இதற்கு மாரிதான். மழை விழத் தொடங்கி மூன்று கிழமை போனபின், அதாவது கார்த்திகை, மார்கழியில் தோண்டுங்கள். கோடையில் பல இனப் புழுக்கள் ஆழத்துக்குப் போய்ச் சுருண்டு கிடக்கும்.

அடுத்தது இடம். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட, இப்போதும் ஆட்கள் பயிர்செய்கிற காணியில் மட்டும் மண்வெட்டி போடுங்கள். காட்டோரம், பழைய பங்கர் மேடு, சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் எதற்கும் போகவே கூடாது. செயற்றிட்டத்தை விட உங்கள் கால் பெரிது.

சந்தேகமான இடத்தில் ஐந்து குழி, வீதியிலிருந்து நன்கு தள்ளி அதே மாதிரி மண்ணும் அதே மாதிரி பயிரும் உள்ள இடத்தில் ஐந்து குழி. இந்த இரண்டாவது ஐந்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் கிடைத்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு குழியும் 25 ச.மீ. நீளம், 25 ச.மீ. அகலம், 20 ச.மீ. ஆழம். மண்ணை வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டிக் கையால் உதிர்த்துத் தேடுங்கள். ஆழத்துப் புழு வேண்டுமென்றால், லீற்றருக்கு 10 கிராம் கடுகுத்தூள் கலந்த தண்ணீரைக் குழிக்குள் மெதுவாக ஊற்றுங்கள். எரிச்சல் தாங்காமல் மேலே வரும். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதே குழி மண்ணில் அரைக் கிலோவைத் தனியே பொதி செய்து இலக்கமிடுங்கள்.

முன்பக்கத்தில் தடித்த வளையம் போன்ற பட்டை உள்ளவை வளர்ந்த புழுக்கள். அவற்றையே எடுங்கள், அதுவும் ஒரே இனமாக. சருகுக்குள் வாழும் புழுவும் மண்ணைத் தின்று வாழும் புழுவும் ஒரே அளவில் உலோகம் சேர்ப்பதில்லை. எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிராம் உலர்ந்த மாதிரி வேண்டுமென்றால் ஐந்தாறு கிராம் உயிர்ப்புழு, கிட்டத்தட்ட 10 முதல் 20 வரை தேவை.

இனித்தான் வேலை கெடுகிற இடம். புழுவின் குடல் நிறைய மண். அதைக் கழிக்க விடாமல் அளந்தால் மண்ணைத்தான் அளப்பீர்கள். ஓர் உதாரணக் கணக்கு: மண்ணில் ஈயம் கிலோவுக்கு 200 மில்லிகிராம், புழுவின் சதையில் 40. உலர்ந்த எடையில் மூன்றிலொன்று குடல்மண் என்றால் கருவி 93 என்று காட்டும், இரண்டு மடங்குக்கும் மேல். கட்மியத்தில் பிழை மறுபக்கம் சாயும். மண்ணில் 0.5, சதையில் 6 என்றால் 4.2 என்றுதான் வரும்.

அதனால் புழுவைக் கழுவி, ஈரமாக்கிய வடிதாள் விரித்த பிளாஸ்டிக் பெட்டியில், இருட்டில் 48 மணித்தியாலம் வையுங்கள். மூடியில் சிறு துளைகள் இருக்கட்டும். தாளைக் குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கழித்ததையே திரும்பத் தின்னும். அச்சடித்த பத்திரிகைத்தாள் வேண்டாம், மையில் உலோகம் இருக்கலாம். நாகம் (சிங்க்) என்ற உலோகத்தால் முலாம் பூசிய வாளியும் கூடாது. நாகத்தின் அளவு எங்கிருந்து ஏறியதென்று பிறகு மண்டையைப் பிய்ப்பீர்கள். பின் கழுவி, ஒற்றி, நிறுத்து, உறையவையுங்கள். போமலினிலோ மதுசாரத்திலோ போட்டால் உலோகம் திரவத்துக்குள் கசியும்.

உலர்த்தி நைத்திரிக் அமிலத்தில் கரைப்பதும், அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளப்பதும் ஆய்வுகூட வேலை, வீட்டில் முயல வேண்டாம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருப்பது உங்களுக்குக் கிட்ட. எந்த உலோகம் அளக்கலாம், எவ்வளவு மாதிரி வேண்டும் என்பதைத் தோண்டுவதற்கு முன்பே ஆசிரியர் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அமிலத்திலேயே உலோகம் இருக்கிறதா என்று தெரிய, புழு போடாத வெறும் அமிலம் ஒன்றையும் கூடவே அளக்கச் சொல்லுங்கள்.

விடை வந்ததும் புழுவில் உள்ள அளவை மண்ணில் உள்ள அளவால் வகுங்கள். கட்மியத்துக்கு இது பெரும்பாலும் ஒன்றுக்கு மேலே, சிலவேளை பத்தையும் தாண்டும். ஈயத்துக்குப் பொதுவாக ஒன்றுக்குக் கீழே. நாகத்தைப் புழு தன் உடம்புக்குள் ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். அதனால் மண்ணில் நாகம் கூடினாலும் புழுவில் அவ்வளவாகத் தெரியாது. மண்ணின் புளிப்பைக் காட்டும் பீஎச் (pH) அளவையும் கட்டாயம் குறியுங்கள். புளிப்பு மண்ணில் அதே அளவு கட்மியம் புழுவுக்குள் கூடுதலாக ஏறும். மொத்த உலோகத்தை மண் சோதனையே சொல்லிவிடும். அதில் உயிருக்குள் போகக்கூடியது எவ்வளவு என்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

ஆய்வுகூடம் இல்லாமல் எங்களால் செய்யக்கூடியது ஏதும் உண்டா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

உண்டு. விலகல் சோதனை என்பார்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் நடுவே மட்டையால் தடுத்து, ஒரு பக்கம் சந்தேக மண், மறுபக்கம் நல்ல மண் ஒரே உயரத்துக்கு இடுங்கள். மட்டையை எடுத்து, அந்தக் கோட்டின் மேல் பத்து வளர்ந்த புழுக்களை விடுங்கள். உரத்தொட்டிப் புழு போதும். ஆனால் முதல்நாளே நல்ல மண்ணில் பழக்குங்கள். துளையிட்ட மூடி போட்டு 48 மணித்தியாலம் விட்டு, மட்டையைத் திரும்பச் செருகி இரு பக்கமும் எண்ணுங்கள். இப்படி ஐந்து பெட்டி. மொத்தப் புழுவில் ஐந்திலொன்றுக்கும் குறைவாகவே சந்தேக மண்ணில் நின்றால் அந்த மண்ணில் ஏதோ கோளாறு.

ஏதோ கோளாறுதான், உலோகம் என்று முடிவுகட்ட முடியாது. உப்பு, களைகொல்லி, புளிப்பு எதற்கும் புழு விலகும். ஒரு பக்கம் காய்ந்திருந்தாலும் விலகும், அநேகமாகப் பிழைப்பது இங்கேதான். இரண்டு மண்ணையும் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஐந்து பெட்டி வைக்குமுன் இரு பக்கமும் நல்ல மண்ணே போட்டு ஒன்று வையுங்கள். பாதிக்குப் பாதி கிட்ட வராவிட்டால் பெட்டியில் ஒரு பக்கம் வெளிச்சமோ சூடோ படுகிறது. இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமுறை கேட்பது 20 பாகை செல்சியசு வெப்பம். நமக்கு அது கனவு. மார்கழியில், நிழலில், ஈரச்சாக்குப் போர்த்திச் செய்யுங்கள்.

சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதி எங்களுடையது. கிணற்றடி மண்புழுவைச் சோதித்தால் காரணம் தெரியுமா?
– வாசகி, செட்டிகுளம்

தெரியாது. புழு மேல்மண்ணைத்தான் சொல்லும், கிணற்றின் ஆழத்துத் தண்ணீரை அல்ல. அந்த நோய்க்கு ஒரே உலோகம்தான் காரணமென்று இன்னும் நிறுவப்படவும் இல்லை. தண்ணீரைத் தண்ணீராகவே சோதியுங்கள்.

புழுக்களை விட்டு உலோகத்தை எடுப்பிக்கலாமா? கோழி அந்தப் புழுவைத் தின்றால்?
– வாசகர், நெடுங்கேணி

புழு செத்தால் உலோகம் திரும்ப மண்ணுக்கே. குப்பையைப் புழு உரமாக்கினாலும், பாரம் குறையக் குறைய மிஞ்சிய உரத்தில் உலோகத்தின் செறிவு ஏறும். அதனால் பற்றரித் தூள், வர்ணப்பூச்சுச் சுரண்டல், கராச் குப்பை எதையும் உரத்தொட்டியில் போடாதீர்கள். கோழி தின்றால் கட்மியம் அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். சந்தேகக் காணியில் கோழியை மேயவிடாமல் வலை அடியுங்கள்.