சக்கர நாற்காலியும் சைக்கிள் ட்யூபும்: உடற்பயிற்சி கேள்வி பதில்

2004ல் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டில் டி-12 (நெஞ்சுப்பகுதியின் பன்னிரண்டாவது எலும்பு) காயம், கால்களில் உணர்வில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அடிபட்டு வீடு திரும்புகிறவர்களுக்குப் பதினான்கு வருடமாகப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். மருந்து, ஆபரேஷன் பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அதிகம் செலவில்லாமல் உடம்பை எப்படிக் காப்பாற்றுவது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராஜபாளையம், 29 வயது: அண்ணா, டி-10 காயம், ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கத்து ஜிம்மில் மாதம் 1,200 ரூபாய், வாசலில் நான்கு படி வேறு. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

தம்பி, முதலில் சைக்கிள் கடைக்கு ஆள் அனுப்பிப் பழைய ட்யூப் இரண்டு வாங்குங்கள். பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, இழுத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேண்டாம், பயிற்சியின் நடுவே அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

ட்யூபை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டுங்கள். சுவரில் நன்றாகப் பதிந்த கம்பியாக இருக்கட்டும், கதவுக் கைப்பிடியில் கட்டாதீர்கள். ஜன்னலைப் பார்த்து நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டு, முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் செங்கல் வையுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி ஜன்னலை நோக்கி நகரும். இரண்டு முனையையும் பிடித்து, முழங்கை விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகும்படி இழுங்கள். தோள்பட்டை எலும்பு இரண்டும் முதுகில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். மூன்று எண்ணும் வரை பிடித்து, மெதுவாக விடுங்கள். பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

இழுப்பதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்க சக்கரத்தைத் தள்ளியே நம் நெஞ்சும் முன்தோளும் இறுகிப்போகின்றன. முதுகுத் தசை சோம்பிக் கிடக்கிறது. தோள் முன்னால் கூனி, மூட்டு தேய ஆரம்பிக்கும். நமக்குத் தோள்தான் கால். அது போனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற இன்னொருவர் வேண்டும். அதனால் ஒரு தள்ளு பயிற்சி செய்தால் இரண்டு இழுப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கும் பயிற்சிக்குப் பள்ளி மைதானமோ, போக்குவரத்தில்லாத தார் ரோடோ போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகத்தில் பத்து நிமிடம் தள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்துத்தான். முடிந்ததிலிருந்து ஆரம்பித்து மெல்ல அங்கே போகலாம்.

கடைசியாக, தோல். பயிற்சி முடிந்ததும் படுத்து, கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அது மறையும் வரை அதன்மேல் உட்காராதீர்கள். 2008ல் வெட்டிப் போட்ட ட்யூப் வால்வு ஒன்று நாற்காலி மெத்தைமேல் கிடந்தது தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் மிளகளவு சிவப்புதான். அது புண்ணாகி, நான்கு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

ஈரோடு: சார், நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால் தொப்பை போட்டுவிட்டது. எந்தப் பயிற்சியில் குறையும்?

ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் பயிற்சி கிடையாது. உடம்பின் பெரிய தசைகளெல்லாம் தொடையிலும் பின்புறத்திலும் இருக்கின்றன. அவை வேலை செய்யாதபோது உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, ஆனால் தட்டில் விழும் சோறு பழைய அளவுதான். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, சுண்டலோ முட்டையோ சேருங்கள். டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். வயிற்றுத் தசைக்கு நரம்பு ஓட்டம் இல்லாவிட்டால் வயிறு கொஞ்சம் முன்தள்ளித்தான் நிற்கும், அது கொழுப்பு அல்ல.

கும்பகோணம்: கழுத்தில் சி-6 காயம். விரல் மடங்காது. ட்யூபை எப்படிப் பிடிப்பது?

பிடிக்க வேண்டாம். ட்யூப் முனையை வளையமாக முடிந்து மணிக்கட்டில் மாட்டுங்கள். தோல் அறுக்காமல் கீழே பழைய வேட்டித்துணி சுற்றுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் தானாக மடங்குமே, அந்தப் பிடிதான் உங்கள் சொத்து. அதனால் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து நிமிரும்படி யாரையும் இழுத்துவிட விடாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு ஆபத்து அதிகம். காயத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் சூடு ஏறும். காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், ஈரத்துண்டு கழுத்தில் இருக்கட்டும். இரண்டாவது, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது. ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானதைத் தளர்த்தி, யூரின் ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. டி-6லோ அதற்கு மேலே கழுத்துப் பக்கமாகவோ காயம் உள்ள எல்லோர் வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும். தோலையும் பாருங்கள்.

தர்மபுரி, ஒரு அம்மா: என் மகனுக்கு எட்டு வயது, மூளை முடக்குவாதம். கால் கத்தரி மாதிரி பின்னுகிறது. என்ன பயிற்சி தரலாம்?

குழந்தையைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது அம்மா. பள்ளிக் கல்வியின் வட்டார வள மையத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வருகிற நாளைக் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இரண்டும் இலவசம்.

சென்னை: வெளியே போய்க் காற்றோடு பயிற்சி செய்ய ஆசை. எங்கே போவது?

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பர் 27ல் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். போய்த் திரும்பினால் அரை கிலோமீட்டருக்கு மேல். கூட்டம் வருவதற்கு முன், விடியற்காலையில் போங்கள்.

பூங்காக்களில் பெரிய தடை வாசல்தான். பைக் நுழையாமலிருக்க நடும் இரும்புக் கம்பி நம்மையும் நிறுத்திவிடும். எங்கள் ஊர்ப் பூங்காவில் அப்படித்தான் இருந்தது. இஞ்ச் டேப் வைத்து இடைவெளியை அளந்து, போட்டோ எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30வது பிரிவு விளையாட்டு பற்றியது. அதை மனுவில் எழுதினோம். மூன்றாவது மனுவுக்குப் பிறகு ஒரு கம்பியைப் பிடுங்கினார்கள். ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

நாமக்கல்: தொப்பை குறைய ஏதாவது வழி?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

விருதுநகர், 51 வயது: இடது காலில் போலியோ, காலிப்பர் (காலைத் தாங்கும் கட்டு) போடுகிறேன். இப்போது நல்ல காலும் சோர்கிறது. பயிற்சியைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டாதீர்கள் அண்ணா. போலியோவில் சில நரம்பு செல்கள் செத்துவிடும். மிச்சமிருப்பவை கிளைவிட்டு, செத்தவற்றின் தசை நார்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஒரு ஆள் நான்கு ஆள் வேலையை நாற்பது வருடம் பார்த்தால் என்ன ஆகும்? சோர்ந்துபோவான். நல்ல கால் என்று நாம் நினைப்பதிலும் அப்போது கொஞ்சம் சேதம் நடந்திருக்கலாம். நரம்பியல் டாக்டரை ஒருமுறை பாருங்கள், சோர்வுக்கு வேறு காரணமும் இருக்கலாம். பயிற்சி என்றால் ஐந்து நிமிடம், ஓய்வு, திரும்ப ஐந்து நிமிடம். மறுநாள் காலை எழும்போது முந்தைய நாளைவிடப் பலம் குறைந்திருந்தால் செய்தது அதிகம்.

கோயம்புத்தூர், 46 வயது: மேலே சொன்னதை ஏற்க முடியாது. எனக்கும் போலியோதான். தினம் 200 தண்டால் எடுக்கிறேன். வலித்தால்தான் வளரும். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு ஓய்வெடுத்தா தங்கம் வாங்கினார்? எங்களைப் பயமுறுத்தி மூலையில் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 'உன்னால் முடியாது, உட்கார்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உதாரணம் பொருந்தாது. மாரியப்பனுக்குப் போலியோ இல்லை. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. மற்ற தசைகளுக்கெல்லாம் நரம்பு முழுசாக இருக்கிறது. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டினார் என்றால் பயிற்சி கூடக்கூடப் பலம் கூடுகிற உடம்பு அது. போலியோ தொட்ட தசை அப்படி அல்ல. தொடாத தசைக்கு உழைப்பு கொடுங்கள், நானே கொடுக்கச் சொல்வேன்.

சிவகங்கை: கோயம்புத்தூர் அண்ணன் சொல்வதுதான் சரி. ஓய்வெடுத்தால் இருப்பதும் போய்விடும்.

அதுவும் உண்மைதான். சும்மா கிடந்தாலும் தசை கரையும். நான் படுக்கச் சொல்லவில்லை, சோர்வதற்கு முன் நிறுத்தச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர்: நாற்பது வயதில் நிறுத்தியிருந்தால் நான் இன்று இருக்க மாட்டேன்.

சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறும்போது எந்தத் தோள் வலிக்கிறது?

கோயம்புத்தூர்: இடது தோள். ஆறு மாதமாக. சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலும் வலிக்கிறது. அதற்கும் தண்டாலுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன்.

சம்பந்தம் இருக்கலாம். ஊன்றுகோல் ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தோளில் ஏற்றுகிறது, அதற்குமேல் 200 தண்டால். இரண்டு வாரம் தண்டாலை நிறுத்திவிட்டு, ராஜபாளையத்துத் தம்பிக்குச் சொன்ன இழுப்பை மெல்லிய ட்யூபில் வலிக்காத அளவுக்கு மட்டும் செய்து பாருங்கள். ஊன்றுகோல் அக்குளில் முட்டாமல் இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். குறைந்தால் எண்ணிக்கையைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம், நான் தயார்.

கரூர்: விளம்பரத்தில் கரண்ட் பெல்ட் 18,000 ரூபாய். கட்டினால் தசை வளருமாம். வாங்கலாமா?

வேண்டாம். உணர்வில்லாத தோலில் சூடு வைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. மின்தூண்டல் சிகிச்சை உண்மையில் இருக்கிறது, அதை மறுவாழ்வு மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மையம் மாதிரியான இடத்தில் கேளுங்கள். அந்தப் பணத்தில் நாற்காலிக்கு நல்ல மெத்தை வாங்குங்கள், தோல் தப்பிக்கும்.

திருநெல்வேலி, கல்லூரி மாணவி: எனக்குப் பார்வை இல்லை. ஹாஸ்டல் மைதானத்தில் ஓட ஆசை.

ஓடும்மா! ஒரு முழம் கயிறு போதும், இரண்டு முனையிலும் வளையம். ஒன்று உன் விரலில், ஒன்று கூட ஓடும் தோழியின் விரலில். அவள் உன்னை இழுக்கக் கூடாது, பக்கத்தில் ஓடித் திருப்பத்தையும் மேடு பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாராலிம்பிக்கில் வழிகாட்டுபவர், ஓடும் வீரருக்கு முன்னால் கோட்டைத் தாண்டினால் தகுதி நீக்கமே உண்டு. தோழி வராத நாளில் இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்துப் பிடித்துக்கொண்டு ஓடலாம். மரம் வருவதற்கு நான்கு அடி முன்பே கையில் தட்டுப்பட ஒரு முடிச்சு போடச் சொல்.

தஞ்சாவூர்: உட்கார்ந்தே இருந்தால் வரும் தொப்பைக்கு...

இது மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, கேட்பதற்கு முன் தயவுசெய்து படியுங்கள்.

மயிலாடுதுறை: என் கணவருக்கு அடிபட்டு ஏழு மாதம். பயிற்சி என்றாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

அக்கா, பயிற்சி என்ற வார்த்தையையே இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நிலக்கடலை உரிப்பது, துணி மடிப்பது, உட்கார்ந்தால்தான் முடிகிற எதுவும் சரி. படுத்தே கிடந்தவரைச் சட்டென்று நிமிர்த்தினால் தலை சுற்றும், தலையணை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டு, தோலைப் பாருங்கள். விழுந்த முதல் வருடம் நானும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை நானே போனில் பேசுகிறேன்.