முதல் தடவை சர்ச்சுக்குப் போகிறேன், என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி: நான் இந்து. உடன் வேலை பார்ப்பவரின் மகளுக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒரு சடங்காம். குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். இதுவரை எந்த சர்ச்சுக்குள்ளும் போனதில்லை. அங்கே என்ன நடக்கும்? நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

பதில்:

ஒரே ஒரு வரிசையில் மட்டும் போய் நிற்காதீர்கள். அதைத் தவிர, தப்பாகிவிடுமோ என்று பயப்பட அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

அந்த வரிசையில் நான் நின்றிருக்கிறேன். தூத்துக்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. உங்களுக்கு வந்தது போலவே ஒரு புதுநன்மை அழைப்பு, நண்பனின் தங்கை மகளுக்கு. பூசை, அதாவது அவர்களின் வழிபாடு, முக்கால்வாசி முடிந்திருக்கும், பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நடுவழியாக முன்னால் போகத் தொடங்கினார்கள். அங்கே ஃபாதர் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ வைத்துக்கொண்டிருந்தார். நமக்கு வரிசை என்றால் அதன் முனையில் பிரசாதம்தானே. நானும் போய்க் கையை ஏந்தினேன். "கிறிஸ்துவின் உடல்" என்றார். "சரிங்க ஃபாதர்" என்றேன். "ஆமென்" சொல்ல வேண்டிய இடமாம் அது. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், பின்னால் கூட்டம் நெருக்கியது, கையில் வைத்துவிட்டார்.

வெள்ளையாக, வட்டமாக, காகிதம் போல ஒரு மெல்லிய அப்பம். கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுக்கலாம் என்று கைக்குட்டையை விரித்து அதில் வைத்து மடித்துக்கொண்டே நடந்தேன். பெஞ்சுக்கு வருவதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. வெள்ளை வேட்டி கட்டிய உபதேசியார், கோயில் காரியங்களில் ஃபாதருக்கு உதவியாக இருப்பவர். "தம்பி, நீங்க கிறிஸ்தவங்களா?" என்று காதோடு கேட்டார். "இல்லண்ணே." "அப்ப அத என்கிட்ட குடுத்துருங்க." கைக்குட்டையோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பீடத்தின் பக்கம் போனார். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. ஆனால் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல அவர் அதைக் கொண்டுபோன விதத்தைப் பார்த்ததும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

அது பிரசாதம் இல்லை. பூசையில் எழுந்தேற்றம் என்று ஒரு கட்டம் வரும். அதற்குப் பிறகு அந்த அப்பம், அதாவது ஓஸ்தி, இயேசுவின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. அடையாளத்துக்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே உடல் என்கிறார்கள். அதை வாங்குவதைத்தான் 'நன்மை வாங்குவது' என்பார்கள். ஒரு பிள்ளை முதன்முதலாக வாங்குவது புதுநன்மை. வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரையும் மருந்தையும் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. பெரிய பாவம் செய்துவிட்டோம் என்று நினைப்பவர் முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்துவிட்டுத்தான் போவார். அதனால் கத்தோலிக்கர்களிலேயே சிலர் அன்றைக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பார்கள். நீங்களும் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் வெளியேறக் காலை ஒதுக்கிக் கொடுங்கள், போதும். கூட வரும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

சரி, இனி மற்ற விஷயங்கள்.

தெற்கே கத்தோலிக்கர்கள் சர்ச் என்று சொல்வதைவிடக் கோயில் என்று சொல்வதுதான் அதிகம். பத்திரிகையில் 'திருப்பலி' என்று அச்சடித்திருந்தாலும் வாயில் வருவது 'பூசை'தான். செருப்பை வாசலில் கழற்றுவதா வேண்டாமா என்பது ஊருக்கு ஊர் மாறும், வாசலில் செருப்புக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் கோயில்களும் உண்டு, உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும். வாசலருகே சிறு தொட்டியில் தண்ணீர் இருக்கும். விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். நான் பழக்கதோஷத்தில் தலையில் தெளித்துக்கொண்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

முன்வரிசை புதுநன்மைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும். கூச்சத்தில் கடைசி பெஞ்சுக்கும் போகாதீர்கள், அங்கே நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் அதிகம். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பார்த்துச் செய்ய உங்களுக்கு முன்னால் நாலைந்து வரிசை ஆட்கள் வேண்டும். பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகத்துக்கு உட்காருவார்கள், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்பார்கள், பிரசங்கத்துக்கு மறுபடி உட்காருவார்கள். எழுந்தேற்றத்தில் மணி அடிக்கும்போது முழங்காலில் இருப்பார்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் மட்டும் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

இடையில் ஒரு கட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் உங்கள் பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். சமாதானம் சொல்வது அது. நீங்களும் திருப்பி ஒரு வணக்கம் வைத்தால் முடிந்தது. முதல் தடவை, யாரோ நம்மைத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். காணிக்கைப் பை வரும். போடலாம், போடாமல் அடுத்தவர் கையில் கொடுத்தும்விடலாம்.

பொட்டு, திருநீறு எல்லாம் அழிக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டவே வேண்டாம். அங்கே பாதிப் பெண்கள் பொட்டும் பூவுமாகத்தான் வந்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் தொடங்கும் நாளில் அவர்களே நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள், போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். அந்த நாளுக்குத் தமிழில் பெயரே திருநீற்றுப் புதன்!

இதெல்லாம் கத்தோலிக்கக் கோயிலுக்கு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்னும் புராட்டஸ்டன்ட் சபை என்றால் கொஞ்சம் மாறும். சுவரில் ஒரு பலகையில் பாட்டு எண்கள் இருக்கும், பாமாலை, கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார்கள், பிரசங்கம் நீளும். இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தையே கத்தோலிக்கர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தால், இவர்கள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார்கள். பெந்தெகொஸ்தே கூட்டம் வேறு ரகம். கைதட்டல், டிரம்ஸ், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பது என்று இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் திகைப்பாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: மதம் மாறச் சொல்வார்களா? நான் போன பூசைகளில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு ஜெபக்கூட்டத்தில் மட்டும் புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பெயர், போன் நம்பர் கேட்டார்கள். பெயரைச் சொன்னேன், நம்பரைக் கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை பொதுவாக ஒரு மணி நேரம். புதுநன்மை என்றால் கூடுதலாக ஆகும், பிள்ளைகளுக்குக் காலையில் ஏதாவது கொடுத்துக் கூட்டிப் போங்கள். பூசை முடிந்ததும் வெள்ளை உடுப்பும் மெழுகுத்திரியுமாக நிற்கும் பிள்ளைகளைச் சுற்றிப் படம் எடுக்கும் கூட்டம் இருக்கும். உங்கள் படத்தையும் அப்போது எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு கவரோ சின்னப் பரிசோ இருந்தால் நல்லது.

அப்புறம் சாப்பாடு. அன்றைக்கு மத்தியானம் நண்பன் வீட்டில் பிரியாணி. அதற்குள் கைக்குட்டை விஷயம் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. கிளம்பும்போது அவன் அம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினார்கள். "இத தாராளமா வீட்டுக்குக் கொண்டு போலாம் தம்பி."