கன்கஷனுக்குப் பிறகும் விடாத தலைவலி: கழுத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. ஸ்கேன் நார்மல், கன்கஷன்தான் (அடிபட்டதில் மூளை குலுங்கி உண்டாகும் பாதிப்பு) என்றார்கள். இன்னும் பிடரியில் கிளம்பும் வலி கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, திரும்பிப் பார்த்தால் கிறுகிறுக்கிறது. பிசியோ டிரை நீட்லிங் செய்யலாம் என்கிறார். செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். ஆனால் வலி கழுத்திலிருந்துதான் வருகிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். தலை அடிபடும் வேகத்தில் கழுத்தும் சேர்ந்தே வெட்டி இழுபடும், தசையிலும் மூட்டிலும் உண்டான அந்தப் பாதிப்பு ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. மேல் கழுத்து நரம்புகளும் முகத்துக்கான நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், பிடரித் தசை இறுகினாலும் வலி கண்ணில் தெரியும். மண்டையோட்டின் அடிவிளிம்பில் விரலால் அழுத்தும்போது உங்களுடைய அதே தலைவலி கிளம்பினால், கழுத்தைச் சந்தேகிக்கலாம். படுக்கையில் புரளும்போது அறையே சில விநாடி சுற்றுகிறதா? அப்படியென்றால் அது உள்காது விவகாரம், அதற்குத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்லி முறை இருக்கிறது, ஊசியால் பயனில்லை.

டிரை நீட்லிங்கில் மருந்து கிடையாது. அக்குபங்சரில் போடுவது போன்ற மெல்லிய ஊசியை, தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சுக்குள் இறக்குவார்கள். சரியான இடத்தில் பட்டால் தசை வெடுக்கென்று ஒரு துடி துடிக்கும், அப்புறம் ஒன்றிரண்டு நாள் உளைச்சல் இருக்கும். கழுத்து வலிக்கும் கழுத்திலிருந்து வரும் தலைவலிக்கும் இது கொஞ்ச காலத்துக்கு உதவுகிறது, கன்கஷனுக்கென்றே செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. அதனால் ஊசியோடு நிறுத்திக்கொள்ளும் சிகிச்சைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். வலி தணிந்திருக்கும் அந்த நாட்களில், மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் மோவாயை மட்டும் மெல்ல உள்ளிழுத்து 10 விநாடி நிறுத்தும் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். 2014-ல் வெளியான கனடா ஆய்வொன்றில் கழுத்துக்கும் உள்காதுச் சமநிலைக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபோது, 8 வாரத்தில் 73 சதவீதம் பேர் விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 7 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதில் ஊசியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிசியோவிடம் முறையான பயிற்சி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். பிடரிக்கு உள்ளே முக்கியமான ரத்தக்குழாய் ஓடுகிறது, தோளுக்குக் கீழே நுரையீரலின் முனை இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, பேச்சு குழறுவது, இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.