பழைய டூ-ஸ்ட்ரோக் டிரிம்மரைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். 12 வருடமாக ஒரு டூ-ஸ்ட்ரோக் புல் டிரிம்மர் வைத்திருக்கிறேன். பெட்ரோல் தோட்டக் கருவிகளுக்குத் தடை வந்துவிட்டது என்கிறார்கள். இதை இனி ஓட்டலாமா? சூடானதும் வேகம் பிடிக்க மறுக்கிறது. ரிப்பேர் செய்வதா, பேட்டரிக்கு மாறுவதா?

பதில்: தாராளமாக ஓட்டலாம். 2021-ல் வந்த ஏபி 1346 சட்டமும் அதையொட்டிய மாநிலக் காற்றுவள வாரியத்தின் விதியும் புதிய கருவிகளைப் பற்றியவை. 2024 மாடல் முதல், 25 குதிரைத்திறன் வரையுள்ள பெரும்பாலான புதிய சிறு இன்ஜின்கள் புகையே விடக்கூடாது. உங்கள் ஷெட்டில் இருப்பதை யாரும் பிடுங்கப் போவதில்லை. ஆனால் நகராட்சி விதி வேறு. வாஷிங்டன் டி.சி.யில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் இலை ஊதியை ஓட்டுவதே தடை. அதனால் உங்கள் ஊர் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் மீது ஏன் இத்தனை கெடுபிடி? அதில் புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். பழைய வடிவமைப்பில் ஊற்றிய பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகப் போய்விடும், கூடவே அதில் கலந்திருக்கும் ஆயிலும். 1997-ல் அமெரிக்க மத்திய விதி வந்தபோது, தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிக்கு ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 16.1 கிராம் மாசுதான் வரம்பு. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினால் அந்த வரம்புக்குள் வர முடிந்தது, டூ-ஸ்ட்ரோக்கால் முடியவில்லை. பலரும் விரும்பிய டூ-ஸ்ட்ரோக் புல்வெட்டி சந்தையிலிருந்து மறைந்தது அப்படித்தான். கையில் தூக்கும் கருவி இலேசாக இருக்க வேண்டும், எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் அதற்கு 241 கிராம் வரை விட்டுவைத்தார்கள். பிறகு அதையும் 50-க்கு இறக்கினார்கள்.

அந்த 50-ஐத் தொடத்தான் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை விட்டுப் புகையைத் தள்ளும் இன்ஜின்கள் வந்தன. கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து, அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு மூடியும் போட்டார்கள். அந்த மூடியைப் பிய்த்துத் திருகைத் திருப்பச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கை தவறி இன்னும் குறைத்துவிட்டால், ஆயிலும் குறைந்து பிஸ்டன் உரசிவிடும். கூட்டினால் புகையும் கரியும்தான் மிஞ்சும்.

உங்கள் கோளாறுக்கு வருகிறேன். முதலில் சைலன்சர் வாயில் இருக்கும் தீப்பொறி வலையைப் பாருங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பெரும்பாலும் ஒன்றிரண்டு திருகைக் கழற்றினால் கையில் வந்துவிடும். போன மாதம் ஒருவர் புது கார்புரேட்டரையே மாட்டிவிட்டு, அப்படியும் சரியாகவில்லை என்று என்னிடம் வந்தார். அந்த வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு துளைகூடத் தெரியவில்லை, முழுக்கக் கரி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் பழையபடி சீறியது. வலையைத் தூக்கி எறிந்துவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

அடுத்து பெட்ரோல் குழாய். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பல மாதம் டேங்கில் நின்றால் குழாய் கெட்டுப்போகும், பிரைமர் பல்பு (ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை ஏற்ற அமுக்கும் குமிழ்) இறுகிவிடும். இரண்டும் விலை மலிந்த பாகங்கள்தான். பெட்ரோலில் ஆயில் கலப்பது 50-க்கு 1 விகிதம் என்றால் ஒரு கேலன் பெட்ரோலுக்கு 2.6 அவுன்ஸ் ஆயில், கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

எப்போது பேட்டரிக்கு மாறுவது? சைலன்சரைக் கழற்றினால் புகைவாய் வழியே பிஸ்டன் தெரியும். அது வழவழப்பாக இருந்தால் ரிப்பேருக்குச் செலவு செய்யலாம். மேலிருந்து கீழாகக் கோடுகோடாகக் கீறியிருந்தால் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள்; வீட்டுத் தோட்டத்துக்கு பேட்டரி டிரிம்மர் தாராளமாகப் போதும். இலை ஊதியும் பெட்ரோலில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள் என்பேன். தொழில்முறை ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டுவது, 2017 டொயோட்டா கேம்ரியை 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமமான மாசை விடுகிறது என்பது மாநில வாரியத்தின் கணக்கு. அதைத் தோளில் மாட்டியிருப்பவரின் மூக்குதான் அந்தப் புகைக்கு மிக அருகில் இருக்கிறது.