பொம்மைப் படத்துக்குப் போய் அழுவார்களா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 'யுவர் நேம்' என்று ஒரு ஜப்பான் பொம்மைப் படம். அதை நாலாவது தடவை பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். "இந்த வயசுல காதல் படமா?" என்று அவள் அப்பா போனை வாங்கி வைத்துவிட்டார். நீயாவது பாரும்மா என்று என்னை உட்காரவைத்தாள். பையனும் பெண்ணும் உடம்பு மாறிக்கொள்கிறார்கள், ஒன்றும் விளங்காமல் பாதியில் தூங்கிவிட்டேன். எழுந்ததும் "பொம்மைக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று சிரித்தேன். அன்றிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அந்தப் படம் நல்லதா, கெட்டதா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூங்கிவிட்டதை ஒப்புக்கொண்டீர்களே, அதற்கே உங்களைப் பிடித்துப்போயிற்று. உங்கள் கடிதம் வந்தபிறகு படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை உங்களைப் போலவே குழம்பினேன். இரண்டாம் தடவை எனக்கும் கண் கலங்கியது. என் வயது உங்கள் மகளின் வயதைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

மகோதோ ஷின்காய் எழுதி இயக்கி 2016 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியான படம் இது. அங்கே மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. மிட்சுஹா மலைநாட்டில் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் கோயில் குடும்பத்துப் பெண். டாக்கி டோக்கியோ பையன். தூங்கி எழுந்தால் சில நாள் இவள் உடம்பில் அவன், அவன் உடம்பில் இவள். போனில் குறிப்பு எழுதி வைத்து ஒருவர் பிழைப்பை மற்றவர் ஓட்டுகிறார்கள். திடீரென்று ஒருநாள் மாற்றம் நின்றுவிடுகிறது. ஊர்ப்பெயர்கூட நினைவில்லாமல், மனதில் நின்ற மலையையும் ஏரியையும் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு டாக்கி தேடிப் போகிறான். அந்த ஊர் மூன்று வருடம் முன்பே வால் நட்சத்திரத்தின் துண்டு விழுந்து அழிந்துவிட்டது. இறந்த 500 பேருக்கு மேற்பட்டவர்களின் பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது. நீங்கள் தூங்கியது இதற்கு முன்பு என்றால், படத்தையே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

உடம்பு மாறுவதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. கிளியின் உடம்புக்குள் புகுந்த அருணகிரிநாதர் கதையைச் சொல்லும் கிளி கோபுரம், பழைய வட ஆர்க்காட்டில் இருந்த திருவண்ணாமலையில்தான் நிற்கிறது. கனவில் கண்டவனைச் சித்திரலேகை வரைந்து காட்ட, அதை வைத்து அநிருத்தனைக் கண்டுபிடித்த உஷையின் கதையும் நமக்குப் பழசு. ஆனால் நம் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்வதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. விட்டுவந்த உடம்பை எரித்துவிட்டால் கிளி கிளிதான். இந்தப் படத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. போனில் எழுதிவைத்த குறிப்பெல்லாம் டாக்கியின் கண்ணெதிரே எழுத்து எழுத்தாக மறைகிறது. அவன் வரைந்த படங்களோ அப்படியே இருக்கின்றன. ஏன் அது போயிற்று, ஏன் இது நின்றது? கதைக்கு வசதி, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, இருவருக்கும் நடுவில் மூன்று வருட இடைவெளி இருப்பதை இருவருமே கவனிக்காதது. போனை நாள் முழுக்க நோண்டுகிற பிள்ளைகள் இவர்கள். தேதியில் வருடத்தைப் பார்க்க மறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம், கிழமையுமா தெரியாது? அவள் இருக்கிற 2013-இல் அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை, அவன் இருக்கிற 2016-இல் அதே தேதி செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை புத்தகப்பையோடு பள்ளி வாசலில் போய் நின்றிருக்க வேண்டாமா? நம் வீடாக இருந்தால் முதல் நாள் காலையிலேயே குட்டு உடைந்திருக்கும். தேதி கிழிக்கிற காலண்டரில் ராகுகாலம் பார்க்காமல் எந்த மாமியார் வெளியே அனுப்புகிறார்?

காதல் எப்போது முளைத்தது என்பதும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உடம்பு மாறும் நாட்களெல்லாம் ஒரே பாட்டில் ஓடிவிடுகின்றன. பாட்டு முழுக்க என் காசைச் செலவழித்தாய், என் பெயரைக் கெடுத்தாய் என்று சண்டைதான். பாட்டு முடிந்தால் உயிருக்குயிராகிவிடுகிறார்கள். நம் சினிமாவும் இதைத்தானே செய்கிறது என்பீர்கள். ஆமாம், அதனால்தான் சலிப்பு வருகிறது.

ஆனால் உங்கள் மகள் அழுதது காதலுக்கு மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். மிட்சுஹாவின் ஊரைப் பாருங்கள். ரயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, கடை இரவு ஒன்பதுக்கே மூடிவிடும், புத்தகக்கடை கிடையாது, பல் டாக்டர் கிடையாது. அடுத்த ஜென்மத்தில் டோக்கியோ பையனாகப் பிறக்க வேண்டும் என்று அவள் ராத்திரியில் கத்துகிறாள். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போய்விடத் துடிக்கிற பெண்ணுக்கு அந்தக் கத்தல் யார் கத்தல் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் சலித்துப்போன ஊரை, கதவு நகர்கிற சத்தம், காலைச் சோறு, தண்ணீரில் விழும் வெயில் என்று அவ்வளவு அழகாக வரைந்து காட்டிவிட்டு, அது இப்போது இல்லை என்கிறார்கள். 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் ஊர் ஊராக வாரிக்கொண்டுபோன நாடு அது. அந்த வலியிலிருந்து வந்த கதை என்று ஷின்காயே சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பிடித்தது பாட்டிதான். வீட்டில் உட்கார்ந்து கயிறு பின்னக் கற்றுக்கொடுக்கிறாள். நூல் முறுக்கிக்கொள்ளும், சிக்கும், அறுந்து மறுபடி சேரும், காலமும் அப்படித்தான் என்பது அவள் பேச்சு. லுங்கித் தறி ஓடுகிற ஊரில், பாவும் ஊடையும் பார்த்து, பாட்டி தார் சுற்றப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு உரை எழுத வேண்டாம். மிட்சுஹாவின் ஊரில் 200 வருடம் முன்பு செருப்பு செய்கிறவர் ஒருவர் வீட்டுக் குளியலறையில் பிடித்த தீயில் (ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது) பழைய ஏடுகள் எரிந்துபோயின. சடங்கு மட்டும் மிஞ்சியது, அர்த்தம் போய்விட்டது. வானத்திலிருந்து என்ன வரும் என்று முன்னோர் எச்சரித்து வைத்திருந்ததை யாராலும் படிக்க முடியவில்லை. உடம்பு மாறுகிற வேடிக்கையைவிட இதுதான் படத்தின் உயிர்.

எச்சில் காட்சியைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்திருக்கலாம். சோற்றை மென்று துப்பிக் கள் செய்வது அங்கே ஒரு பழைய முறை. எச்சில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அது புளித்துக் கள்ளாகும். அந்தப் பெண்ணே கூச்சத்தில் நெளிகிறாள், கவனியுங்கள்.

வால் நட்சத்திரத்துக்கு வருவோம். நம் மலைப்பக்கம் காவலூர் வானாய்வகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு, மாணவராக இருந்த 1949-இல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர். படத்திலோ 1,200 வருடத்துக்கு ஒருமுறை வருகிற வால் நட்சத்திரத்தின் துண்டு, சுற்றிக்கொண்டே இருக்கிற பூமியில் குறிபார்த்து அதே ஊரில் திரும்பத் திரும்ப விழுகிறது. பாப்பு பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இதை நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது வேறு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரியில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் இறந்தாரே, நினைவிருக்கிறதா? விண்கல் என்று அரசு அறிவித்தது, நாசா விஞ்ஞானிகள் அப்படித் தெரியவில்லை என்றார்கள். நடந்து முடிந்ததையே நம்புவதா வேண்டாமா என்று டீக்கடைகளில் அடித்துக்கொண்டோம். அப்படியிருக்க, கதை கல் விழுந்த நாளுக்கே திரும்பிப்போய், இன்று ராத்திரி கல் விழும், ஊரைக் காலி செய்யுங்கள் என்று ஒரு பள்ளிக்கூடப் பெண் சொன்னால் யார் கேட்பார்? மிட்சுஹாவின் அப்பாதான் அந்த ஊர் மேயர். மனைவி இறந்தபின் கோயிலையும் பிள்ளைகளையும் விட்டுப் போனவர். மகள் அவர் முன்னால் போய் நிற்கிறாள், வாயைத் திறக்கப்போகிறாள்... வெட்டிவிட்டார்கள்! அடுத்து நாம் தெரிந்துகொள்வது, ஊர்ச்சனம் பிழைத்துவிட்டது. அப்பாவிடம் மகள் என்ன சொன்னாள்? 106 நிமிடப் படத்தில் அதற்கு ஐந்து நிமிடம் இல்லையா? உங்கள் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்திருக்கும் இந்த வாரத்தில், உங்கள் மகளுக்கும் அந்தக் காட்சிதான் தேவைப்பட்டிருக்கும்.

மலை உச்சியில் பொழுது சாய்கிற நேரம் இருவரும் சந்திப்பதை மட்டும் தூங்காமல் பாருங்கள். மறக்காமலிருக்கப் பெயரை எழுதுகிறேன் என்று அவள் கையில் எழுதுகிறான். பிறகு அவள் ஓடி, விழுந்து, கையை விரித்துப் பார்த்தால் அங்கே பெயர் இல்லை. என்ன எழுதியிருந்தான் என்று நான் சொல்லமாட்டேன், மகளிடம் கேளுங்கள்.

ஆக, நல்ல படம்தான், ஓட்டைகளோடு. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், முத்தக் காட்சி ஒன்றுகூட இல்லை. பெண் உடம்பில் விழிக்கிற பையன் தன் மார்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற கேலிதான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வருகிறது. முதல் தடவையே எனக்குப் பிடிக்கவில்லை. அதை மகளிடம் நேராகவே சொல்லுங்கள், அவளுக்கும் பிடித்திருக்காது. சிரித்ததற்கு மன்னிப்பெல்லாம் கேட்டு அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம். "அந்தக் கிழமை எப்படிடீ அவங்களுக்குத் தெரியாமப் போச்சு?" என்று சமையலறையிலிருந்தே கேளுங்கள். படத்துக்காகச் சண்டை போட வேகமாக வருவாள்.

சேர்ந்து பார்ப்பதாக இருந்தால், மாமியாரைக் கூப்பிடுவதை முதல் கால்மணி நேரம் தாண்டும்வரை தள்ளிப்போடுங்கள்.