பீரோவிலிருந்து கடைத்தெருவுக்கு: புகைப்படக் கேள்வி பதில்

நான் தொழில்முறைப் படக்காரன் அல்லன். ஒன்பது ஆண்டுகள் கேமராவைத் தொடாமல் இருந்துவிட்டு, காய்கறிப் பையோடு அதையும் மீண்டும் தூக்கத் தொடங்கியவன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: மகள் பிறந்தபோது வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) 12 ஆண்டுகளாகப் பீரோவில் கிடக்கிறது. மீண்டும் தொடங்க ஆசை. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா, ஐயா?

வாங்க வேண்டாம். லென்ஸைக் கழற்றி, பின்புறம் கைவிளக்கைக் காட்டி, முன்புறமிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி இழைபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஆரம்ப நிலையில் பழுது பார்ப்பவர் துடைத்துவிடுவார், கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் மீளாது. சென்னை போன்ற கடலோர ஊரில், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலுறையில் லென்ஸைப் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு நாமே பந்தி விரிப்பதற்குச் சமம். என்னுடைய 50 மி.மீ. லென்ஸ் அப்படித்தான் போயிற்று. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஆகிய மூன்றும் போதும். மானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பேட்டரி மட்டும் புதிதாக வாங்க நேரலாம். 12 மெகாபிக்சல் படத்தைக்கூட 14 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிட முடியும் என்பதால், பழைய கேமரா என்று மனம் குறுக வேண்டியதில்லை.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது கேமரா எதற்கு?

கைப்பேசியே போதும் என்று தோன்றினால் அதுவே போதும். ஆனால் அது பல படங்களை ஒன்றாகச் சேர்த்து நிழல்களைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடுவதால், அந்தி நேரத்துத் தெரு பிற்பகல்போல ஆகிவிடுகிறது. இருட்டை இருட்டாகவே விட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கேமராவில் எளிதாகக் கைக்கு வருகிறது.

கேள்வி: வாரந்தோறும் மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் போகிறேன். என் படங்கள் எல்லாம் நாட்காட்டிப் படம்போலவே இருக்கின்றன. எங்கே தவறுகிறேன்?

போகும் நேரத்தை நீங்கள் எழுதவில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கபாலீசுவரர் கோயிலின் உயரமான ராஜகோபுரம் கிழக்கே இருக்கிறது, குளம் மேற்கே இருக்கிறது. ஆகவே ராஜகோபுரத்தின் முன்முகத்தில் காலை வெயில்தான் விழும். மாலையிலோ குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, எதிரே மேற்குக் கோபுரம் பொன்னிறமாகும். இதை ஒருமுறை எடுத்து முடித்துவிட்டு, கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். சூரியன் மறைந்தபின் கால் மணி நேரம், வானத்தின் நீலமும் கடை விளக்குகளின் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். அப்போது பூக்கடைகளில் கிடைக்கும் படம் வேறெந்த நேரத்திலும் கிடைக்காது. ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 1600 அல்லது 3200, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/60 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூத்தொடுக்கும் விரல்கள் சற்றுக் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கல் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று: 18–55 மி.மீ. ஜூம் லென்ஸாக இருந்தால், 35 என்ற இடத்தில் ஜூம் வளையம் நகராதபடி ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, ஒரு மாதம் அப்படியே எடுங்கள். பெரிதாக்கிக் காட்ட வளையம் உதவாதபோது கால் தானாக நடக்கும்.

கேள்வி: மார்கழிக் கோலங்களை எடுத்தால் வெள்ளைக் கோடுகள் வெளிறிப்போகின்றன.

சாணம் தெளித்த கரிய தரை சட்டத்தை நிறைத்திருப்பதைக் கண்டு, காட்சி இருட்டு என்று கேமராவின் ஒளிமானி ஏமாந்து எல்லாவற்றையும் வெளிச்சமாக்குகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1 என்று குறைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்வரை காத்திருந்தால் மாவின் மேடுகூட நிழலோடு தெரியும்.

கேள்வி: சந்தையில் மனிதர்களைப் படம் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சம்மதித்தவருக்கு அடுத்த வாரம் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு பிரதி கொடுத்தபின் பக்கத்துக் கடைக்காரர்களே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கேள்வி: குடும்பத்தோடு வெளியே போகும்போது நான் படத்துக்காக நின்றால் மனைவிக்குக் கோபம் வருகிறது.

இதில் நான் அவர் பக்கம். ஓர் இடத்தில் இரண்டு நிமிடம், அதற்கு மேல் கூடாது. பொறுமையாக எடுக்க வேண்டியதற்கு மறுநாள் தனியாகப் போய்க்கொள்ளலாம். பால் வாங்கும் வேலை இருக்கவே இருக்கிறது.

கேள்வி: அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவும் பிரிக்காத ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றும் கிடைத்தன. பயன்படுத்தலாமா?

‘இந்து’ சுருள், 1960இல் தொடங்கப்பட்ட உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் தயாரிப்பு. அந்த ஆலை இப்போது இயங்கவில்லை. பழைய சுருளுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு) கூடுதல் ஒளி தர வேண்டும் என்பது பொதுவான கணக்கு, எனினும் பனிமூட்டம்போலப் படம் மங்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பிரிக்காமல் அப்பாவின் நினைவாக வைத்திருங்கள். கேமராவின் பின்கதவில் ஒளி புகாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்திருந்தால் மாற்றிவிட்டு, புதிய 100 ஐ.எஸ்.ஓ. சுருள் ஒன்றைப் போடுங்கள். ஒளிமானி வேலை செய்யாவிட்டாலும் பாதகமில்லை: நல்ல வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் துளை, எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) எஃப் 16, ஷட்டர் 1/125. மெரினா மணலில் நின்று எடுத்தால் எஃப் 22 வையுங்கள்.