தாத்தாவின் அடைப்பத்தில் கிடைத்த தீட்டுக்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முடிதிருத்தும் தொழில் செய்துவந்த என் தாத்தாவின் அடைப்பத்தில் (சவரக் கருவிகள் வைக்கும் பை), மடக்குக் கத்தி ஒன்றும் உள்ளங்கை அளவிலான கருஞ்சிவப்புத் தீட்டுக்கல் ஒன்றும் கிடைத்தன. கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, நடுவே லேசாகக் குழி விழுந்திருக்கிறது. அதை மீண்டும் பயன்படுத்த முடியுமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: தாராளமாக முடியும். எங்கள் வீட்டிலும் இதுவே குலத்தொழில் என்பதால், இக்கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இத்தகைய கற்களில் பெரும்பாலானவை மலையில் வெட்டியெடுத்தவை அல்ல. உராய்பொடியைப் பிணைப்புப் பொருளோடு சேர்த்து அச்சில் வார்த்து, சூளையில் சுட்டுச் செய்தவை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் கண்டறிந்த கார்போரண்டம் இத்தகைய பொடிகளுள் ஒன்று. அது எஃகைவிடப் பன்மடங்கு கடினமானது. ஆகவே, குழி விழும் அளவுக்குத் தேய்ந்த கல் என்றால், உங்கள் தாத்தா அதில் எத்தனை ஆயிரம் முறை கத்தியை இழுத்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் கல்லை ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பிசுக்கை நீக்குங்கள். பிறகு சமன்படுத்த வேண்டும். கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடித் துண்டோ, மேலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் மெருகேற்றிய கிரானைட் துண்டோ வாங்கி, அதன்மேல் பெயிண்ட் கடைகளில் விற்கும் கறுப்பு வாட்டர் பேப்பரை (நீர் தாங்கும் உப்புத்தாள்) நனைத்து ஒட்டவையுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, 220ஆம் எண் தாளில் எட்டு வடிவில் தேய்த்தால், மேடான இடங்களில் கோடுகள் முதலில் அழியும். குழியில் உள்ள கோடு கடைசிவரை நிற்கும். அதுவும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது என்று பொருள். உலர்வாக ஒருபோதும் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு முகத்தில் தயாரிப்பாளரின் பெயர் பொறித்திருந்தால், அதை விட்டுவிட்டு மறுமுகத்தைச் சமன்படுத்துங்கள்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் நிறுத்தினேன்; மறுநாள் சவரம் செய்தபோது கன்னம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, முரட்டுத் தாள் கல்லில் விட்ட கீறல்கள் அப்படியே கத்தியின் வாயிலும் (வெட்டும் விளிம்பு) ஏறியிருந்தன. 400, 600, 1000 என்று படிப்படியாக நைஸான தாள்களுக்கு மாறி, விரலால் தடவினால் பீங்கான்போல வழுக்கும்வரை தேய்த்த பிறகே கல் தன் வேலையைச் செய்யும். முடிவில் நான்கு ஓரங்களையும் லேசாக மழுக்கிவிட வேண்டும். கூரான ஓரத்தில் கத்தி பட்டால் வாய் சிதறிவிடும்.

கேள்வி: இந்தக் கல்லில் தண்ணீர் விடுவதா, எண்ணெய் விடுவதா? எத்தனை முறை இழுக்க வேண்டும்? (வாசகர், மேலூர்)

பதில்: எண்ணெய் வேண்டாம், கல்லின் நுண்துளைகள் அடைபட்டுவிடும். தண்ணீரோ சவர நுரையோ போதும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு படுக்கவைத்து, வாய் முன்னே செல்லத் தள்ளுங்கள். கல் குறுகலானது என்பதால், கத்தியின் அடியில் தொடங்கி நுனியில் முடியுமாறு சாய்வாக இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள், வாயின் மேல் அல்ல. கத்தியின் எடையே போதும், கை அழுத்தம் வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கைந்து இழுப்பு. அதற்குமேல் போனால் வாய் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத பிசிறு எழும்பும். பிறகு தோல்வாரில், இப்போது முதுகு முன்னே செல்ல, முப்பது நாற்பது முறை தீட்டுங்கள். இவ்வாறு தீட்டிய கத்தி பல சவரங்களுக்குத் தாங்கும். அதுவரை தோல்வார் மட்டும் போதும்.

கேள்வி: கீழே விழுந்து வாயில் பல் விழுந்த கத்தியை இந்தக் கல்லிலேயே சரிசெய்யலாமா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: கூடாது. இது களைத்த வாய்க்கு உயிரூட்டும் கல். உடைந்த வாயைப் புதிதாக உருவாக்கும் கல் அன்று. அதற்கு 1000ஆம் எண் நீர்க்கல்லில் தொடங்கி, 4000, 8000 என்று ஏற வேண்டும். சைக்கிளில் சக்கரம் சுழற்றித் தெருவில் வரும் சாணைக்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவர் கை அருமையானது. ஆனால் இருபுறமும் குடைந்து மெலிதாக்கிய சவரக்கத்தியின் வாய், அந்தச் சக்கரத்தின் சூட்டில் நீலம் பாரித்துப் பதம் இழந்துவிடும். பதம் போன வாயை எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது.